கடைசியில் காதில் சொன்னது

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தாவின் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று மறக்காமல் எழுது. போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் இங்கே பட்டறை விடுதியில் நாற்பது பேருக்கு ஒரே போன். வரிசையில் பின்னால் நிற்பவனின் மூச்சு நம் கழுத்தில் படும். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை.

வெல்டர் அண்ணன் போய்விட்டார். ஆறு வருஷமாக என் அறையில் எதிர்க்கட்டிலில் இருந்தவர். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மூச்சு அடங்கியது. அப்போது நான் மட்டும்தான் கூட இருந்தேன்.

நம் மார்க்கத்தைப் பற்றி அவரோடு எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். வேதத்தின் தமிழாக்கத்தைக் கொடுத்தபோது, போய்க் கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டவர் அவர். கடைசி நேரத்தில் நம்மவர்களுக்குச் செய்வதைப் போல அவர் காதிலும், இறைவன் ஒருவனே என்ற கலிமாவைச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது.

உடலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வழக்கப்படி எல்லாம் நடந்ததாம். அவர் மனைவி இருக்கும் ஊர் உங்களுக்கு இரண்டு மணி நேரப் பஸ் பயணம்தான். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. போனில் அண்ணி என்று கூப்பிடுவதோடு சரி. எனக்காக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா.

எல்லோருக்கும் சலாம் சொல்.

உன் அண்ணன்


ஜனவரி 30

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அத்தாவின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வராவிட்டாலும் வலிக்கிறது. அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. என்னை ஏசுவதற்கு இப்போது தாராளமாக மூச்சு இருக்கிறது. நான் வழக்கம்போல் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "உதடு அசைந்தது" என்ற இடம் வந்ததும் அத்தா அழுதுவிட்டார். அத்தா அழுது நான் எப்போது பார்த்தேன், சொல். மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் செயலாளரிடம் காட்டியிருக்கிறார். அவர் உரக்கப் படிக்க, நாலு பேர் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். இப்போது தெருவில் நடந்தால் எனக்குச் சலாம் இரண்டு மடங்காக வருகிறது. எல்லாம் உன் புண்ணியம்.

மே மாதம் பள்ளிவாசலில் அக்கம்பக்கத்தார் நாள் வைக்கிறார்கள். பிற மதத்துக்காரர்களைக் கூப்பிட்டு உள்ளே எல்லாவற்றையும் காட்டி, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது. வருகிற பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் வேலை எனக்கு. ஒரு சிறு புத்தகமும் அச்சடிக்கிறார்கள். அதில் முதல் பக்கத்தில் உன் கடிதம்தான் என்று செயலாளர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவராக மனம் மாறிக் கேட்டாரா, நீ சொன்னாயா? எழுது. அண்ணியை அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன்.

துஆவுடன்,
தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நலம். நீங்களும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

என் கடிதத்தை ஊர் கூட்டிப் படிக்க யார் சொன்னது? உனக்கு எழுதினேன். மைக் வைத்துக் கேட்டுக்கொள்ளட்டும் என்று எழுதவில்லை. புத்தகத்தில் போட வேண்டாம் என்று செயலாளரிடம் சொல். அவர் வீட்டாருக்கு வருத்தமாக இருக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

எதிர்க்கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டான். நல்லவன்தான். பகலில் எனக்கு உட்கார முடியவில்லை, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. சாப்பாட்டு நேரத்தில் பட்டறையைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறேன். போன வாரம் ஒரு மோட்டாருக்கு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. பதினைந்து வருஷ எலக்ட்ரீஷியன் செய்கிற தப்பா இது என்று ஃபோர்மேன் கேட்டார். தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்பது மறந்துபோய் முதலிலிருந்து தொழுகிறேன். வெயில் அதிகம், அதனால் இருக்கும்.

அண்ணியைப் பார்த்தாயா? என்ன சொன்னார்? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? அவர் சொன்னதை ஒன்று விடாமல் எழுது.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, நீ அதை விட்டுவிட்டு வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய். வெயிலுக்கு மோர் குடி, கேள்விக்குப் பதில் எழுது.

அண்ணியைப் பார்த்தேன். ஒரு சின்ன அறை, வாசல் பக்கம் இஸ்திரி மேசை. அதுதான் அவருக்குத் தொழில். நான் இன்னார் என்று சொன்னதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சூடு இன்னும் அவர் கையில் இருந்தது. அழவில்லை. உன்னைப் பற்றித்தான் பேசினார். அவர் சொன்னது இது, ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை:

"எங்க வீட்டுல போறவங்க காதுல நாலு வரி சொல்லுவோம். நான் பக்கத்துல இல்லையே, அதனால எழுதி அனுப்பிச்சேன். உங்க அண்ணன் சொல்றேன்னு ஒத்துக்கிட்டாராம், எங்க வீட்டுக்காரரே எனக்கு எழுதியிருந்தாரு. அப்புறம் போன்ல உங்க அண்ணனைக் கேட்டேன், அந்த நாலு வரி அவர் காதுல விழுந்துச்சான்னு. ஆமாம் அண்ணின்னாரு. அதனாலதான்மா நான் நின்னு வேலை பாக்கறேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் கடிதத்தில் நாலு வரி எங்கேயும் இல்லை. நான் கலிமாப் பேச்சை எடுக்காமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணா, நீ எதைச் சொன்னாய்?

தங்கை


மார்ச் 28

அண்ணனுக்கு,

ஸலாம். மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் பட்டறையிலிருந்து யாராவது எழுதியிருப்பார்கள் என்று அம்மாவைச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். நான் சமாதானமாகவில்லை.

போடாதே என்று நீ எழுதியதைச் செயலாளரிடம் சொன்னேன். அது அடக்கம், நல்ல பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரிக்கிறார். உன் கடிதம் அச்சகத்துக்குப் போகிற காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. போதாததற்கு, வெல்டர் வீட்டுக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும் என்று அத்தாவே கைப்பட எழுதி அண்ணிக்குப் போட்டுவிட்டார். அவரும் வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டார். வந்தால் அவர் கையில் முதலில் கொடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

உன் மௌனத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எதுவாக இருந்தாலும் எழுது. நான் யாருக்கும் படித்துக் காட்டமாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அண்ணி சொன்னது சரி. ஆஸ்பத்திரிக்குப் போன எட்டாம் நாள், வெல்டர் அண்ணன் அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். "தம்பி, நான் போற நேரத்துல இதை என் காதுல படிச்சிடு. உனக்குச் சங்கடம்னா இப்பவே சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்" என்றார். சங்கடம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சாகக் கிடக்கிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி அண்ணே என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் தாளை எடுத்தேன். அதில் அவர்கள் கும்பிடுகிற பெயர் நாலு வரியிலும் இருந்தது. என் வாயால் அதைக் கூப்பிட முடியவில்லை. என் நாக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் மதத்து ஆட்கள் இரண்டு பேர் கீழே கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. மாடிப்படி இருபது. ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால், இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று தோன்றியது. ஆறு வருஷம் சொல்லியும் அவர் வரவில்லை. நான் அவரை எவ்வளவு நேசித்தேன் என்று உனக்குத் தெரியாது. அவரைக் கரையேற்றாமல் விட்டால், மறுமையில் என் சட்டையைப் பிடித்து, தெரிஞ்சும் ஏன்டா விட்டே என்று கேட்பாரே என்ற பயம். தாளை மடித்துவிட்டுக் கலிமாவைச் சொன்னேன். மூன்று தடவை. உதடு அசைந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணி போனில் கேட்டார். பின்னால் வரிசை நின்றது. ஆமாம் என்றேன்.

அண்ணன்


ஏப்ரல் 18

அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அம்மா விசாரிக்கிறாள் என்று வைத்துக்கொள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அந்தச் சோற்றை ஊருக்கே பந்தி வைத்துவிட்டோம் நாங்கள்.

சட்டையைப் பிடிப்பார் என்று பயந்தாயே, இப்போது அவர் வேறு காரணத்துக்குப் பிடிப்பார் என்று தோன்றவில்லையா? நானும் இந்த மார்க்கத்தை நேசிக்கிறவள்தான். நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் லென்ஸ் தேய்த்த கையோடு ஓடி ஓடி இந்த நாளுக்கு வேலை செய்கிறேன். ஆனால் சொல்வது என்றால், கேட்கிறவர் எழுந்து போகிற நிலையில் இருக்க வேண்டும். உன் வெல்டர் அண்ணனால் தலையைக்கூடத் திருப்ப முடியாது. அதுவும் உன்னை நம்பி வேறு ஆளைத் தேடாமல் விட்டவர். இது அழைப்பு இல்லை அண்ணா.

யாருக்கும் காட்டமாட்டேன் என்ற வாக்கைக் காப்பாற்றினேன். அத்தாவிடம், கடிதத்தில் இருப்பது பாதிதான், அச்சடிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அத்தா என் முகத்தைப் பார்த்தார், மேலே கேட்கவில்லை. நேராகச் செயலாளரிடம் போய், "என் மகன் எழுதினது பாதிதான், பாதி உண்மையைப் பள்ளிவாசல் பேர்ல போடாதீங்க" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். திரும்பும்போது வழக்கமாக உட்காருகிற கடையில் உட்காரவில்லை.

அண்ணிக்கு நீ எழுத வேண்டும். அக்கம்பக்கத்தார் நாள் வருகிற மே பதினேழுக்கு முன்னால்.

தங்கை


ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். அத்தாவின் முகத்தை நினைத்தால் இங்கே கால் நிலைகொள்ளவில்லை. நீ ஏசியது எதுவும் அதிகம் இல்லை.

ஆனால் ஒன்று யோசி. அண்ணி நின்று வேலை பார்ப்பதே அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். உண்மையைச் சொல்லி அதைப் பிடுங்கினால் யாருக்கு லாபம்? என் மனப்பாரம் இறங்கும். அதை அவர் தலையில் ஏற்றிவிடுவேன். அப்படிச் செய்வது இன்னொரு சுயநலம் இல்லையா? புத்தகம் நின்றுவிட்டது. யாரும் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை.

இருந்தாலும் எழுதிவிட்டேன். உறை ஒட்டாமல் இதோடு வைத்திருக்கிறேன். கொடுப்பதா வேண்டாமா என்று நீயே பார்த்துச் செய். நீ அவரைப் பார்த்தவள், உனக்குத்தான் தெரியும்.

அண்ணன்


மே 4

அண்ணனுக்கு,

ஸலாம். உன் உறையை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் உன் வேலையை வேறு மாதிரி முடித்தாய், இப்போது இந்த வேலையை என்னிடம் தள்ளுகிறாய்.

நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நானும் ராத்திரி முழுக்க யோசித்தேன். அவர் நிம்மதி உண்மையாக இருந்தால் விட்டுவிடலாம் என்றே எனக்கும் தோன்றியது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நம் தெருவில் பத்துப் பேருக்காவது அந்தக் கடிதம் மனப்பாடம். அவர் இங்கே வந்து செருப்பைக் கழற்றும்போதே யாராவது ஒரு புண்ணியவான், உங்க வீட்டுக்காரரு கலிமா சொல்லித்தானே போனாரு என்று சொல்லப் போகிறார். அப்படித் தெரிவதற்கு உன் கையால் தெரிவது மேல். வராதே என்று அவரை நான் தடுக்கமாட்டேன்.

முகவரியை நீயே எழுது. ஸ்டாம்பையும் நீயே ஒட்டு.

தங்கை


மே 9

தங்கைக்கு,

ஸலாம். போட்டுவிட்டேன். அவசரத் தபால், நாலு நாளில் கிடைத்துவிடும். பெட்டிக்குள் போட்ட பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். தபால்காரர் வந்து, ஏதாவது விழுந்துபோச்சா என்று கேட்டார்.

எனக்காக துஆ செய். அத்தாவையும் செய்யச் சொல், மனம் வந்தால்.

அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். இந்தத் தடவை உண்மையாகவே உன் நலத்தைக் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

அக்கம்பக்கத்தார் நாள் நடந்தது. இருநூறு பேர் வருவார்கள் என்று செயலாளர் நாற்காலி போட்டார், எண்பது பேர் வந்தார்கள். அதுவே எனக்கு மூச்சு முட்டியது. தொழுகைக்கு முன்னால் ஒளுச் செய்கிற குழாயைப் பார்த்து, இத்தனை தடவையா கழுவுவீங்க என்று ஒரு டீச்சர் அசந்துபோனார். ஒரு பெண் மட்டும் முகத்துக்கு நேராகக் கேட்டார், எங்களை மாத்தத்தானே கூப்பிட்டீங்க என்று. நான் தயார் செய்து வைத்திருந்த பதிலெல்லாம் காற்றில் போய்விட்டது. "எங்களுக்கு நல்லதுன்னு பட்டதைச் சொல்லாம இருக்க முடியலைங்க. கேளுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. அதுக்கு அப்புறமும் டீ உண்டு" என்றேன். சிரித்துவிட்டார். நாலு கேள்வி அதிகமாகக் கேட்டார்.

அண்ணி வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். அத்தா வாசலுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நீங்க ஏன் குனியறீங்க, நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். எல்லாரோடும் சேர்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எழுதி வைத்ததை உனக்கு அனுப்புகிறேன்:

"நாலு நாளா உங்க அண்ணன் மேல எரிஞ்சுக்கிட்டு இருக்கேன். மன்னிச்சிட்டேன்னு எழுதிடாத, இன்னும் இல்ல. அவரு எனக்கு எழுதற ஒவ்வொரு கடுதாசியிலயும் உங்க அண்ணன் இருப்பாரு. 'அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், நான் மாட்டேன்னுக்கிட்டே இருக்கேன், அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம்'னு எழுதுவாரு. ஆறு வருஷம் மாட்டேன்னு சொல்லியும் ஒரு நாள் அவங்க சோறு தனித்தனியா ஆகல. உங்க அண்ணனுக்கு ஒரே ஒரு தடவை மாட்டேன்னு சொல்ல வாய் வரலியே. சொல்லியிருந்தா அவரு கோவிச்சிருப்பாரா?"

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "உதடு அசைஞ்சுதுன்னு எழுதியிருக்காரு. சத்தம் வந்துச்சா? என்ன சொன்னாரு? கேட்டு எழுது. எனக்குன்னு இருக்கிற கடைசி வார்த்தை அதுதான்."

எழுது அண்ணா.

தங்கை


மே 30

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சாப்பிடுகிறேன். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் சலாம்.

சத்தம் வந்தது. உனக்கும் அதை மறைத்தேன், அண்ணிக்கு எழுதியதிலும் மறைத்தேன். முதல் தடவை கலிமாவைச் சொன்னதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இரண்டாம் தடவை சொன்னபோது உதடு அசைந்தது. என் காதை அவர் வாய் அருகே வைத்திருந்தேன், தெளிவாகக் கேட்டது. "வேணாம்டா தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் அறையில் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான், கொஞ்சம் சிரிப்போடு.

அதற்குப் பிறகும் மூன்றாம் தடவை சொன்னேன்.

இதை நீ அண்ணியிடம் படித்துக் காட்ட வேண்டாம். லீவு கேட்டிருக்கிறேன், பதினைந்தாம் தேதி கிளம்புகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அவர் வீட்டுக்குப் போகிறேன், பிறகு நம் வீடு. அவர் கணவர் கடைசிவரை அவராகவே இருந்தார் என்பதை, அவரை அப்படி இருக்க விட மனமில்லாதவன் வாயால் அவர் கேட்க வேண்டும்.

நீ கூட வராதே.

உன் அண்ணன்